படர்தாமரை மாத்திரை வேலை செய்யவில்லையா? பதில் ஆய்வகத் தட்டில் வளர்கிறது

தொடை இடுக்கில் அரிப்பு. மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் கிரீம். பத்து நாளில் அடங்கியது, அடுத்த மாதம் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. இந்தியத் தோல் மருத்துவர்களுக்கு இது இப்போது தினசரிக் காட்சி.

இதில் பெரும் பங்கு வகிக்கும் பூஞ்சையின் பெயர் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. இந்திய, நேபாள நோயாளிகளிடம் கிடைத்த மாதிரிகளை வைத்து ஜப்பான் ஆய்வாளர்கள் 2020இல் வைத்த பெயர். படர்தாமரைக்கு வழக்கமாக எழுதித் தரப்படும் டெர்பினாஃபின் மாத்திரைக்கு இது பல நேரங்களில் மசிவதில்லை.

உங்கள் தோலில் இருப்பது மசியுமா, மசியாதா? அதைக் கண்டுபிடிக்கப் பூஞ்சையை உயிரோடு பிடித்து வளர்க்க வேண்டும்.

தட்டில் என்ன இருக்கிறது?

வட்டத் தழும்பின் ஓரத்தில்தான் பூஞ்சை சுறுசுறுப்பாக இருக்கும். அங்கே செதிலைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு பகுதியை பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சை இருக்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். எந்தப் பூஞ்சை என்பது தெரியாது. அதற்காகத்தான் மிச்சம் இருக்கும் செதில் தட்டுக்குப் போகிறது.

தட்டில் இருக்கும் கெட்டியான ஜெல்லி, அகார். ஃபலூடாவில் போடும் 'சைனா கிராஸ்' தெரியுமல்லவா, அதே கடல்பாசிச் சரக்குதான். முன்பு ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். அது உடல் வெப்பத்திலேயே உருகிவிடும். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸி என்ற பெண், சமையலில் பழகிய அகாரைப் போட்டுப் பார்க்கலாமே என்றார். அகார் உருக சுமார் 85 டிகிரி வேண்டும். பாடப்புத்தகங்களில் மூடியோடு வரும் தட்டுக்குப் பெயர் கொடுத்த பெட்ரி வந்தது 1887இல். ஹெஸ்ஸியின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

அகாரில் 4% குளுக்கோஸ், கொஞ்சம் பெப்டோன், லேசான புளிப்பு. பிரெஞ்சுத் தோல் மருத்துவர் சபுரோ வகுத்த இந்தக் கலவை பூஞ்சைக்குப் பிடிக்கும், பல பாக்டீரியாக்களுக்குப் பிடிக்காது. மீறி வரும் பாக்டீரியாவைத் தடுக்க குளோராம்ஃபெனிகால் சேர்ப்பார்கள். காற்றில் திரியும் சாதாரணப் பூசணத்தை அடக்க சைக்ளோஹெக்சிமைடு. இது இல்லாவிட்டால் ரொட்டியில் பூக்கிற பூசணமே தட்டை ஆக்கிரமித்துவிடும்; படர்தாமரைப் பூஞ்சை நிதானமாக வளர்கிற ஆள்.

ஏன் இவ்வளவு நாள்?

25 முதல் 30 டிகிரியில் வைத்தால், பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையாகப் பஞ்சு போலப் படரும். எதுவும் வராவிட்டாலும் நாலு வாரம் வரை காத்திருந்துதான் 'வளரவில்லை' என்று எழுதுவார்கள். அதுவரை தட்டு காய்ந்துபோகாமலும், வெளிப் பூசணம் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளர்ந்த பிறகும் கண்ணால் பார்த்து இண்டோட்டினியே என்று சொல்ல முடியாது. நெருங்கிய உறவுப் பூஞ்சைகளும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும், டிஎன்ஏ வரிசையைப் படித்தால்தான் பிடிபடும். மருந்துச் சோதனை தனி: டெர்பினாஃபினைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

நேரடியாக ஜீனைப் பார்த்தால் போதாதா? பாதி போதும். டெர்பினாஃபின் குறிவைப்பது ஸ்குவாலின் எபாக்சிடேஸ் என்ற என்சைமை. அதன் ஜீனில் ஏற்கெனவே தெரிந்த மாற்றங்கள் இருந்தால் சோதனை சொல்லிவிடும். புதிய மாற்றம் என்றால், பூஞ்சை மருந்தில் வளர்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. செத்த பூஞ்சையின் டிஎன்ஏவும் பிசிஆரில் தெரியும். தட்டில் உயிருள்ளது மட்டும்தான் வளரும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

பூஞ்சை மருந்து பூசிய தோலிலிருந்து எடுத்த செதில், நோய் இருந்தும் வளராமல் போகலாம். அதனால் மாதிரி கொடுக்கும் முன்பு எதைப் பூசினீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொல்வார். வீட்டில் இருக்கும் ட்யூபையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசோல் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் குறையும், அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும்.