உரிமைப் பத்திரம் இல்லாத தோட்டங்கள்

ஓர் ஊர் ஒரே நாளில் பாழாகி விடுவதில்லை. முதலில் ஒரு வீடு பூட்டப்படுகிறது. பூட்டிய வீட்டின் சன்னல் உடைகிறது. அதைச் செப்பனிட உரியவர் வரப்போவதில்லை என்பது தெரிந்ததும் அடுத்த வீட்டாரும் மூட்டை கட்டுகின்றனர். கடைசியில் எஞ்சுபவை செங்கற்குவியலும் எலிவளையும் அச்சமுந்தாம். செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டாக உலகம் சுட்டும் நியூயார்க் மாநகரிலேயே பல பகுதிகள் 1960களிலும் 1970களிலும் இந்நிலையை எய்தின. அவற்றை மீண்டும் மனிதர் அஞ்சாது நடமாடும் இடங்களாக்கியதில் பெரும்பங்கு, அந்தந்தத் தெருவில் குடியிருந்த எளிய மக்களுக்கு உரியது. அவர்கள் ஆற்றிய பணியும், பின்னர் அதற்கு நேர்ந்த சோதனையும் நாம் அறிந்து கொள்ளத்தக்கவை.

மூன்று மரங்கள்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பெட்ஃபர்ட் ஸ்டைவசன்ட் என்றொரு வட்டாரம் உண்டு. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த அவ்வட்டாரத்தில், வெர்னன் அவென்யூ என்னும் தெருவில் குடியிருந்தவர் ஹாட்டி கார்த்தன் அம்மையார். 1964ஆம் ஆண்டில், அறுபது வயதைக் கடந்திருந்த அவர், தம் வீதியை ஒரு முறை எண்ணிப் பார்த்தார். முன்பு நிழல் கவிந்திருந்த அந்த வீதியில் மூன்றே மரங்கள் எஞ்சியிருந்தன.

மரம் போனால் நிழல் போகும் என்பது எவருக்கும் தெரியும். நிழல் போனால் வாயிற்படியில் அமர்ந்து பேசும் வழக்கமும் போகும். அமர்ந்திருப்போர் இல்லாத தெருவில் பிள்ளைகளைக் கவனிக்கும் கண்களும் இரா என்பதை அனுபவத்தால் உணர்ந்தவர் அம்மையார். அண்டை வீட்டாருக்கு அஞ்சலட்டைகள் எழுதினார். தெருச் சங்கம் ஒன்று உருவாயிற்று. தெருவிலேயே விருந்து சமைத்து விற்று, அப்பணத்தில் மரக்கன்றுகள் வாங்கினர். மாநகரத் தலைவர் ஜான் லிண்ட்சேயும் அவ்விருந்துக்கு வந்து சென்றார். மக்கள் வாங்கும் மரங்களுக்கு ஈடாக மாநகராட்சியும் மரங்கள் அளிக்கும் திட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டு, அவ்வட்டாரத்தில் 1,500க்கும் மேற்பட்ட மரங்களை அவர்கள் நட்டனர். நடுவதோடு நில்லாமல், மரங்களுக்கு நீர் வார்க்கவும் மண் கிளறவும் தெருப் பிள்ளைகளைக் கொண்டே ஓர் அணி அமைத்தார் அம்மையார். சிறு வயதில் நீர் வார்த்தவன் பெரியவனானதும் அம்மரத்தை ஒடிக்கமாட்டான் அல்லவா!

அதே வட்டாரத்தில், லஃபாயெட் அவென்யூவில், 1885ஆம் ஆண்டையொட்டி வட கரோலினாவிலிருந்து கன்றாகக் கொணர்ந்து நடப்பட்ட மக்னோலியா மரம் ஒன்று நின்றது. வெப்ப நிலத்துக்குரிய அம்மரம் நியூயார்க்கின் கடுங்குளிரில் பிழைத்ததற்குக் காரணம், அதன் பின்னாலிருந்த வீடுகள் காற்றைத் தடுத்து நின்றமையே. அவ்வீடுகளை இடிக்கத் திட்டமிட்டபோது, அம்மையார் மரத்துக்காகவும் வீடுகளுக்காகவும் சேர்த்தே போராடினார். 1970ஆம் ஆண்டில் அம்மரம் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. மரத்துக்கு வீடு காப்பு. வீட்டுக்கு மரம் காப்பு. 1984இல் அம்மையார் மறைந்தார், மரம் நிலைத்தது.

எரிந்த நகரம்

கார்த்தன் அம்மையார் மரம் நட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நகரின் பிற பகுதிகள் எரியத் தொடங்கியிருந்தன. ஆலைகள் மூடப்பட்டன. வசதி படைத்தோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். வாடகை வருவாய் பழுதுபார்க்கும் செலவுக்குக் காணாத வீடுகளை உரிமையாளர்கள் கைவிட்டனர். காப்பீட்டுப் பணத்துக்காகத் தம் கட்டடத்துக்குத் தாமே தீ வைத்தோரும் உண்டு. செலவைக் குறைக்க முற்பட்ட மாநகராட்சி, தீயணைப்பு நிலையங்கள் சிலவற்றை மூடிவிட்டது. 1975இல் மாநகராட்சியே கடனடைக்க வழியின்றித் திவாலாகும் நிலைக்கு வந்தது.

1970க்கும் 1980க்கும் இடையில் நியூயார்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 8 லட்சம் குறைந்தது. பிராங்ஸ் பகுதி மட்டும் 3 லட்சம் பேரை இழந்தது. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டங்கள் ஏழில், நூற்றுக்கு 97க்கும் மேற்பட்ட கட்டடங்கள் தீயாலும் கைவிடப்பட்டதாலும் அழிந்தன. வரி கட்டப்படாத மனைகள் மாநகராட்சியின் கைக்கு வந்தன. அது கட்டடங்களை இடித்து, இடிபாடுகளை அப்படியே விட்டுச் சென்றது. அவற்றில் குப்பை சேர்ந்தது. போதைப்பொருள் வணிகமும் குடியேறியது. தாய்மார்கள் பிள்ளைகளை அவ்வழியே அனுப்ப அஞ்சினர்.

வேலியைத் தாண்டி விழுந்த விதை

மன்ஹாட்டனின் கீழைப் பகுதியில் வாழ்ந்த ஓவியக் கலைஞர் லிஸ் கிறிஸ்டி என்னும் பெண்மணி, 1973ஆம் ஆண்டில் நண்பர்கள் சிலருடன் ஒரு குழுவை அமைத்தார். ‘பசுமைக் கெரில்லாக்கள்’ என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர். பெயர்தான் போர்ப்பெயர், ஏந்திய படைக்கலமோ விதை! விதையும் உரமும் ஈரமும் அடைத்த பலூன்களைப் பூட்டிய மனைகளின் வேலிக்கு மேலாக வீசினர். சாலை நடுவே சூரியகாந்தி விதைத்தனர். ஆளில்லா வீடுகளின் சன்னல்களில் பூத்தொட்டிகள் வைத்தனர்.

பவரி, ஹூஸ்டன் ஆகிய இரு தெருக்கள் கூடும் மூலையில் குப்பை நிறைந்த மனை ஒன்று கிடந்தது. அதைத் துப்புரவாக்கி, நல்ல மண் பரப்பி, வேலியிட்டு, 60 பாத்திகள் அமைத்துக் காய்கறி பயிரிட்டனர். 1974 ஏப்ரலில் மாநகராட்சி அம்மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கு அளித்தது. செய்தி பரவியது. ‘எங்கள் தெருவிலும் இப்படி ஒரு மனை உண்டு, என்ன செய்யலாம்?’ என்று பலரும் கேட்டு வந்தனர். எந்தச் செடி வறண்ட மண்ணைத் தாங்கும், எப்படி எரு ஆக்குவது என்பனவற்றைக் குழுவினர் கற்பித்தனர். 1978இல் மாநகராட்சியே ‘கிரீன் தம்’ என்ற திட்டத்தைத் தொடங்கிப் பெயரளவு வாடகைக்கு மனைகளை வழங்கலாயிற்று. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறிய குடும்பங்கள், தம் ஊர்ப் பாணியில் சிறு மரக்குடில்கள் அமைத்துப் பாட்டும் கூட்டாஞ்சோறுமாக அத்தோட்டங்களை ஊர்ப்பொது இடங்களாக்கின.

கிறிஸ்டி 1985இல் மறைந்தார். மறு ஆண்டு அந்த மூலைத் தோட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஏலம்

இனித்தான் சோதனை. தோட்டங்கள் வந்தபின் தெருக்கள் திருந்தின. திருந்திய தெருவில் குடியேற மக்கள் விரும்பினர். அதனால் நிலத்தின் விலை ஏறியது. சமுதாயத் தோட்டங்களைச் சுற்றிய மனைகளின் மதிப்பு உயர்வதையும், மிக ஏழ்மையான வட்டாரங்களிலேயே அவ்வுயர்வு மிகுதி என்பதையும் 2008இல் வெளியான நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. எவருக்கும் வேண்டாத குப்பைமேடாக இருந்தவரை கேள்வி கேட்பாரில்லை. பொன் விளையும் மனை என்று தெரிந்ததும் உரிமையாளர் விழித்துக்கொண்டார். தோட்டக்காரர்களின் கையிலோ உரிமைப் பத்திரம் இல்லை.

1999இல் மாநகரத் தலைவர் ரூடால்ஃப் ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை மே மாதத்தில் ஏலமிடப் போவதாக அறிவித்தது. நகருக்கு வீடுகள் வேண்டும், பயன்படா நிலத்தைச் சந்தையில் விற்பதே முறை என்பது அதன் வாதம். வீட்டுத் தட்டுப்பாடு பொய்யன்று. வாடகை தாளாமல் தவித்த ஏழைகள் அந்நகரில் ஏராளம். ஆயினும் ஏலத்தில் விலை கேட்பவர் ஏழைக்குத்தான் வீடு கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே! இருபது ஆண்டு உழைப்பை விலைப்பட்டியலில் எந்த இடத்தில் எழுதுவது? மக்கள் வீதியில் திரண்டனர். வழக்கு மன்றம் ஏறினர். ஏலத்துக்கு முன்னாள், நடிகை பெட் மிட்லர் நிறுவிய நியூயார்க் மறுசீரமைப்புத் திட்டமும் பொதுநில அறக்கட்டளையும் சேர்ந்து ஏறத்தாழ 42 லட்சம் டாலர் கொடுத்து அத்தோட்டங்களை வாங்கின.

எல்லாத் தோட்டங்களும் தப்பவில்லை. கீழைப் பகுதியில் 1977 முதல் வளர்ந்து வந்த ‘எஸ்பெரான்சா’ தோட்டத்தை 2000 பிப்ரவரியில் இயந்திரங்கள் தரைமட்டமாக்கின. எஸ்பெரான்சா என்பது ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள்படும் சொல். 2002இல்தான் மாநகராட்சிக்கும் மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. பல நூறு தோட்டங்கள் நிலைபெற்றன. சில மனைகள் வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டன.

வரலாறு சொல்வது

பசுமை பாதுகாப்பைத் தரும் என்பது வெறும் ஆர்வலர் பேச்சா? பிலடெல்பியா நகரில் 541 பாழ் மனைகளை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். குலுக்கல் முறையில் தேர்ந்த சிலவற்றில் குப்பை அகற்றி, புல் விதைத்து, ஒரு சில மரம் நட்டு, தாழ்ந்த மரவேலியிட்டனர். வேறு சிலவற்றை அப்படியே விட்டனர். 2018இல் முடிவு வெளியாயிற்று. ஏழ்மை மிகுந்த வட்டாரங்களில், சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்திருந்தது. மக்கள் வெளியே வந்து பழகுவதும் மிகுந்தது.

புல்லும் தாழ்ந்த வேலியும் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவதில்லை. ‘இந்த இடத்தைக் கவனிப்பார் இருக்கின்றனர்’ என்று அவை சொல்கின்றன. அச்சொல்லுக்குத் தீயவனும் அஞ்சுகிறான். கார்த்தன் அம்மையார் அஞ்சலட்டை எழுதியபோது அவர் அறிந்திருந்ததும் இதுவே.

ஆனால் மற்றொரு பாடத்தையும் நாம் மறத்தலாகாது. கைகூடி உழைப்பது எளிதன்று. உழைத்துப் பெற்றதைச் சட்டத்தின்முன் நிலைநிறுத்துவது அதனினும் அரிது. நடுகின்ற நாளிலேயே அதன் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாத நற்பணி, தான் விளைத்த நன்மையாலேயே விலைபோய்விடக் கூடும். 1974இல் குப்பை அள்ளியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பவரி மூலையில் இன்றும் அத்தோட்டத்தின் கதவைத் திறந்து விடுவோர் ஊதியம் பெறாத அண்டை வீட்டாரே. அந்நிலம் 2002 முதல் நகரப் பூங்காத் துறையின் காப்பில் உள்ளது. வேலியோரம் நின்று எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு அங்கே குளமும் மீனும் ஆமையும் தெரிகின்றன.