உண்டியல் நாணயம் பிரித்தல்

பெரிய காஞ்சிபுரத்தின் ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், கச்சபேசுவரர் முதலிய கோயில்களில் உண்டியல் திறக்கும் நாளில், நோட்டைவிடச் சில்லறைதான் அதிக உழைப்பைக் கேட்கும். அதை மதிப்புவாரியாகப் பிரிப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு.

காசைவிட நிறையே இங்கு முதலில் பேசியது. கோயிலுக்கு வந்த பொன் கழஞ்சுக் கணக்கில் நிறுத்து வாங்கப்பட்டது. 10ஆம் நூற்றாண்டின் உத்தம சோழன் செப்பேடு, ஊரகம் (இன்றைய உலகளந்த பெருமாள் கோயில்) நிதியைக் கவனிக்கும் பொறுப்பைக் காஞ்சி நெசவாளர்களிடம் ஒப்படைக்கிறது. தறிக்காரர்களை நம்பிக் கோயில் கணக்கைக் கொடுத்த ஊர் இது என்பது பெருமைக்குரியது.

பொடிக் காசுகள் பெருகியபோது கருவி தேவைப்பட்டது. அதற்கு எடுத்துக்காட்டு திருவிதாங்கூர்: அங்கே வரிசையாகக் குழி வெட்டிய மரப்பலகையில் காசை அள்ளிப் போட்டுக் குலுக்குவார்கள். குழிக்கு ஒன்றாகச் சக்கரம் என்னும் அந்நாட்டுக் காசு தங்கும், மற்றவை உதிர்ந்துவிடும். ஒரே குலுக்கலில் எண்ணிக்கை முடிந்துவிடும். எளிமையில் இதை மிஞ்சிய கருவி இல்லை எனலாம்.

உண்டியலை வைப்பது, பாதுகாப்பது, கணக்கு வைப்பது பற்றித் தமிழக அறநிலையத் துறைக்கு 1975 முதல் தனி விதிகள் உண்டு. அலுவலர்கள் முன்னிலையில் திறந்து, தரையில் கொட்டி, தன்னார்வலர்கள் கையால் பிரிப்பதே பரவலான முறை.

இயந்திரம் அந்தக் கையின் வேலையை இப்படிச் செய்கிறது: தொட்டியில் கொட்டிய நாணயங்கள் சுழலும் தட்டில் விழுந்து, விசையால் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றன. விளிம்பை ஒட்டிய பாதையில் சிறியதிலிருந்து பெரியது வரை துளைகள் இருக்கும். அளவு பொருந்தும் முதல் துளையில் நாணயம் விழுந்து பைக்குப் போகும், போகிற வழியில் சென்சார் எண்ணிவிடும். மஞ்சளும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய காசு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், முதலில் சல்லடையில் சலித்துத் துடைக்க வேண்டும்.

பெரிய சிக்கல் அழுக்கல்ல, நாணயமே. 2011 வரிசையின் 5 ரூபாயும் 2019 வரிசையின் 2 ரூபாயும் 23 மி.மீ. விட்டம்தான். 25 மி.மீ. துளையிலோ 1992இன் 1 ரூபாய், 2011இன் 2 ரூபாய், 2019இன் 5 ரூபாய் மூன்றும் விழும். எடை போட்டு எண்ணவும் வழியில்லை: 1 ரூபாய் 4.85 கிராமிலிருந்து 3.79 ஆகி, இப்போது 3.09 கிராம்.

ஆகவே பிற்கால இயந்திரங்கள் மின்காந்தச் சுருளால் உலோகத்தை அறிகின்றன. எஃகு 2 ரூபாயும் நிக்கல் பித்தளை 5 ரூபாயும் அதில் எளிதாகப் பிரிந்துவிடும். ஆனால் 1992இன் 1 ரூபாய்க்கும் 2011இன் 2 ரூபாய்க்கும் உலோகம், விட்டம், 4.85 கிராம் எடை எல்லாம் ஒன்றே. இந்த இரண்டையும் கேமரா உள்ள இயந்திரமோ மனிதக் கண்ணோ முகப்பைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். வெள்ளிக் காசு, வெளிநாட்டு நாணயம், 2011 ஜூன் 30க்குப் பின் செல்லாத 25 பைசா ஆகியவையும் இயந்திரம் ஏற்காத காசு விழும் தட்டிலிருந்து எண்ணுபவர் கைக்கே திரும்பி வருகின்றன.