அல்பிரூனி படித்த கற்கள்

அபூரைஹான் அல்பிரூனியை வானநூல் வல்லுநராகவும், இந்திய நாட்டின் சமயங்களையும் கலைகளையும் ஆராய்ந்தெழுதிய பேரறிஞராகவும் நாம் அறிவோம். மண்ணையும் கல்லையும் வரலாற்று ஏடுகளாகக் கொண்டு படித்தவர் அவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

கி.பி. 973இல் (ஹிஜ்ரி 362) குவாரஸ்மில் பிறந்த அவர், 1017இல் அந்நாடு கஸ்னி மஹ்மூதின் வசமானபின் கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் வட இந்தியப் பகுதிகளிலும் தங்கினார். அங்கே எவ்வளவு ஆழம் தோண்டினும் உருண்டு வழவழத்த கற்கள் கிடைப்பதை அவர் கருதிப் பார்த்தார். ஆறு சீறிப் பாயும் மலையடிவாரத்தில் அவை பெரியவை. மலையை விட்டு விலக விலகச் சிறியவை. கடலை நெருங்குமிடத்திலோ வெறும் மணல். ஆகவே, இந்நிலம் ஒரு காலத்தில் கடலாயிருந்து, ஆறுகள் சுமந்து வந்த வண்டலால் தூர்ந்தது என்று, 1030ஆம் ஆண்டளவில் முடித்த தம் இந்திய நூலில் எழுதினார்.

அதற்கு முன்பே, 1025இல் நிறைவுற்ற 'தஹ்தீத்' எனும் நூலில், அரபுப் பாலைவனமும் முன்னர் கடலாயிருந்தது என்றார். கிணறும் குளமும் தோண்டுகையில் வெளிப்படும் கற்களுக்குள் சிப்பிகள் பொதிந்திருப்பதே அவர் காட்டிய சான்று. எழுதி வைக்க மனிதரில்லாத அக்காலத்திற்குக் கல்லே சாட்சி.

இன்றைய ஆய்வு என்ன சொல்கிறது? வடக்கு நோக்கி நகர்ந்த இந்திய நிலப்பரப்பு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இடையிலிருந்த கடலின் அடித்தளம் மடிந்து உயர்ந்தது. எவரெஸ்ட் உச்சியிலுள்ள சுண்ணாம்புப் பாறையிலும் கடலுயிர்ச் சின்னங்கள் உள்ளன. மலைக்கு முன்னே தாழ்ந்த பள்ளத்தை ஆறுகள் நிரப்பின. சமவெளி முழுவதும் கடலாயிருந்தது என்ற அல்பிரூனியின் முடிவு அப்படியே நிலைக்கவில்லை. அது ஆற்று வண்டலால் அமைந்தது என்ற முடிவோ உறுதியாய் நிற்கிறது.

அரபு மண்ணும் புதிய சாட்சியம் தந்துள்ளது. நஃபூத் பாலையின் வற்றிய ஏரிப்படுகையொன்றில், சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரும் யானையும் ஒட்டகமும் நடந்த காலடித் தடங்களைக் கண்டதாக 2020இல் ஆய்வாளர் அறிவித்தனர். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சும் மெல்ல மெல்ல மாறுவதால், பருவமழை வடக்கே எட்டிய காலங்களில் பாலை பசுமையுற்றது. மழை பின்வாங்கியதும் மீண்டும் மணலாயிற்று.

முன்னோர் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். காலடியில் கிடந்த கல்லைக் குனிந்தெடுத்து, 'இது இங்கே எப்படி வந்தது?' என்று கேட்டதே அல்பிரூனியின் பெருமை. நம் பிள்ளை கூழாங்கல்லோடு வந்து அதே கேள்வியைக் கேட்கும்போது, 'தூக்கியெறி' என்று சொல்லாதிருப்போமாக. அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை அதுவே.