இரு கைகளின் வரலாறு

‘கைநாட்டு’ என்றால் எழுத்தறியாதவரின் அடையாளம் என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். ஆயினும் 2001ஆம் ஆண்டில் மலேசியா வெளியிட்ட மைகாட் அட்டையின் சில்லிலே கற்றவர், கல்லாதவர் எல்லாருடைய பெருவிரல் ரேகையும் இடம்பெற்றது. இம்மாற்றத்தின் வரலாற்றை இரு கைகளைக் கொண்டு விளக்கலாம்.

முதலாவது வங்காளத்துக் கை. 1858இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாய் இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைப் பணிக்குப் பொருள் தர உடன்பட்ட இராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை ஒப்பந்தத்தில் பதிப்பித்தார். கையொப்பத்தைப் பின்னர் மறுக்காதிருக்கவே இவ்வேற்பாடு. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் அமைந்தது. ரேகைகளை 1,024 அறைகளில் வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர். முறையோ மேலதிகாரி ஹென்றியின் பெயரையே பெற்றது.

இரண்டாவது ஜெர்மானியக் கை. 1895 டிசம்பரில் ரான்ட்கன் தம் மனைவியின் கையை எக்ஸ் கதிரால் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்த அப்படம் விரைவில் உலகெங்கும் பரவியது. கை யாருடையது என்பது மறைக்கப்படவில்லை.

காகிதம் போய் மின்னணுக் கோப்பு வந்தபின் இரு கைகளுக்கும் ஒரே இடர் நேர்ந்தது. 1993இல் டைகாம் என்னும் பெயர் பெற்ற மருத்துவப் படநெறியில், படத்தோடு நோயாளியின் பெயரும் அதே கோப்பில் செல்லும். ஆகவே வழியில் பிறர் படிக்காதவாறு கோப்பு முழுவதையும் மறைகுறியாக்க வேண்டும். ஒரு புள்ளி மாறினும் காட்டிக்கொடுக்கும் மின்னொப்பமும் வேண்டும். புள்ளி மாறினால் நோயறிதலும் பிழைபடக்கூடும் அன்றோ?

விரல்ரேகையின் சிக்கல் வேறு. கடவுச்சொல்லை மீட்க முடியாதபடி உருமாற்றிச் சேமிக்கலாம். அதே சொல் அதே உருவைத் தரும். விரலோ இருமுறை ஒரேவாறு பதிவதில்லை. இச்சிறு வேறுபாடுகளைப் பிழைதிருத்தும் குறிகளால் தாங்கிக்கொள்ளும் பூட்டை 1999இல் ஜூல்ஸ், வாட்டன்பர்க் இருவரும் வகுத்தனர். 2001இல் ராதா, கானல், போல் ஆகியோர், ரேகையைத் திரித்த வடிவில் சேமித்து, அது களவுபோயின் வேறு திரிவை ஏற்கும் முறையை எடுத்துரைத்தனர்.

இவை வீண் அச்சமல்ல. 2015இல் அமெரிக்க அரசுப் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் விரல்ரேகைகள் களவுபோனதாக அறிவிக்கப்பட்டது. 2018இல் சிங்கப்பூர் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அவருள் ஏறத்தாழ 1,60,000 பேரின் மருந்துக் குறிப்புகளும் சென்றன. களவுபோன கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்றவியலாது.

தன் கையை ஒருவன் மறுக்காதிருக்க ஹெர்ஷல் வழி தேடினார். அக்கையைப் பிறர் தமதெனக் காட்டாதிருக்க வழி தேடுவதே இன்றைய பணியாகும்.