வயலுக்கா, ஆளுக்கா? நைஸ் எண்ணின் கதை

பேச்சிப்பாறை நிறைஞ்சிருக்கும்போது தோவாளைச் சானலில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கும்பப்பூ சமயத்தில் தண்ணி இறங்கினால்தான் முறை வைக்கணும், கடைமடைக்கு எட்டுமான்னு பார்க்கணும். அப்போ ஒரு கேள்வி வரும்: பங்கு வயலுக்கா, ஆளுக்கா? யுனிக்ஸ் சர்வரில் சிபியு நேரத்தைப் பங்கிட்ட வரலாறும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்குது.

பழைய யுனிக்ஸின் வழி எளிது. ஒரு ப்ராசஸ் சமீபத்தில் நிறைய சிபியு தின்றிருந்தால் அதன் முன்னுரிமை இறங்கும். இதோடு ‘நைஸ்’ என்ற கட்டளையும் இருந்தது. அவசரமில்லாத வேலைக்காரர் தன் எண்ணை உயர்த்தி, மற்றவருக்கு வழிவிடலாம். பெயரே அதனால் வந்ததுதான். லினக்ஸில் இந்த எண் -20 முதல் 19 வரை.

2007இல் இங்கோ மோல்னார் எழுதிய சிஎஃப்எஸ், கெர்னல் 2.6.23இல் சேர்ந்தது. அதில் நைஸ் எண் எடையாக மாறியது. நைஸ் 0க்கு 1024, 5க்கு 335, 19க்கு வெறும் 15. நைஸ் 0, நைஸ் 5 இரண்டும் ஒரே சிபியுவுக்குப் போட்டி போட்டால் முதலாவதுக்கு முக்கால் பங்கு.

சரி, ஒருத்தர் ஒரு ப்ராசஸும் இன்னொருத்தர் ஒன்பதும் ஓட்டினால்? ஒன்பதுக்காரருக்கு 90 சதவீதம். வயல் கணக்கில் இது நியாயம், ஆள் கணக்கில் அநியாயம். இதைத் தீர்க்க வந்ததுதான் குழுவாரிப் பங்கீடு. அதை எழுதியவர்களில் ஐபிஎம்மின் ஸ்ரீவத்ச வத்தகிரி முக்கியமானவர். சிஎஃப்எஸ் மூலநிரலின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கு. முதலில் குழுக்களுக்குள் பங்கு, பிறகு குழுவுக்குள் பங்கு. இப்போ இருவருக்கும் பாதிப் பாதி.

2011இல் வந்த 2.6.38, ஆட்டோகுரூப் மூலம் ஒவ்வொரு டெர்மினல் அமர்வையும் தானாகவே ஒரு குழுவாக்கியது. இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. ஆட்டோகுரூப் இயங்கும் இயந்திரத்தில் ஒரு டெர்மினலில் நைஸ் 19 போட்டு பேக்கப் ஓட்டினாலும், அடுத்த டெர்மினல் வேலையோடு அது சரிபாதி சிபியு எடுக்கும். நைஸ் எண் அந்தக் குழுவுக்குள் மட்டும்தான் செல்லும். குறைக்க வேண்டியது குழுவின் எடையை.

2023இல் கெர்னல் 6.6 சிஎஃப்எஸ்ஸின் தேர்வுமுறையை மாற்றி ஈஈவிடிஎஃப்பைக் கொண்டு வந்தது. எடையும் குழுவும் அப்படியே தொடருது. ஆகவே எந்த எண்ணைத் திருகும் முன்பும், உங்கள் சர்வர் யாரை ஒரு பங்குதாரராக எண்ணுதுன்னு பாருங்க.