ஒரே படிகம், இரண்டு பொறுப்புகள்

குவார்ட்ஸ் படிகத்தை இரண்டு விதமாக வாங்கலாம். படிகத்தை மட்டும் வாங்கி, அதை அதிரவைக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளலாம். அல்லது படிகமும் சுற்றும் ஒரே உறைக்குள் அடங்கிய ஆசிலேட்டரை வாங்கலாம். ஐ.இ.சி. எனப்படும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 49ஆம் தொழில்நுட்பக் குழு இவ்விரண்டுக்கும் தனித்தனித் தரநிலைகளை வகுத்திருக்கிறது. தனிப் படிகத்துக்கு 60122; ஆசிலேட்டருக்கு 60679. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது என் கண்ணில் முதலில் படுவது, எதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவை தரும் வெவ்வேறு விடைகள்தான்.

தனிப் படிகத்தின் அதிர்வெண் படிகத்தை மட்டும் பொறுத்ததன்று. சுற்றிலிருந்து அது எவ்வளவு கெப்பாசிட்டன்ஸைக் காண்கிறதோ அதற்கேற்ப அதிர்வெண் நகரும். அதனால்தான் ‘சுமை கெப்பாசிட்டன்ஸ்’ என்ற அளவையும் சேர்த்தே அதிர்வெண் குறிக்கப்படுகிறது. பலரும் சறுக்கும் இடம் இது. டேட்டாஷீட்டில் 18 பிகோபாரட் என்று பார்த்ததும் மைக்ரோகன்ட்ரோலரின் இரு பின்களிலும் 18 பிகோபாரட் கெப்பாசிட்டர்களை வைத்துவிடுகிறார்கள். படிகத்தின் பார்வையில் அவை தொடராக இணைந்தவை. ஆகவே கிடைப்பது 9; போர்டின் தடங்களும் பின்களும் தரும் 4ஐக் கூட்டினால் 13. படிகத்தின் இயக்கக் கெப்பாசிட்டன்ஸ் 10 பெம்டோபாரட், இணைக் கெப்பாசிட்டன்ஸ் 3 பிகோபாரட் என்று வைத்துக் கணக்கிட்டால், அதிர்வெண் பத்து லட்சத்தில் 74 பங்கு, அதாவது 74 பிபிஎம், மேலேறும். அதைக்கொண்டு ஓடும் கடிகாரம் நாளொன்றுக்கு 6 வினாடிக்கு மேல் முந்தும். வாங்கியதோ ±20 பிபிஎம் படிகம்; படிகத்தில் எந்தக் குறையும் இல்லை.

60122இன்படி உற்பத்தியாளர் தரும் உறுதி, வரையறுத்த அளவீட்டுச் சூழலுக்கு உரியது. அந்த அளவீட்டை விவரிப்பது 60444 வரிசை. பை வடிவ வலையமைப்பில் படிகத்தைப் பொருத்தி, அதன் சமானச் சுற்றின் மதிப்புகளைக் கண்டறிகிறார்கள். அந்த வரிசையின் ஆறாம் பகுதியை மதிப்புமிக்கதாகக் கருதுகிறேன். படிகத்தின் பரப்பில் நுண்துகளோ சிதைவோ இருந்தால், மிகக் குறைந்த இயக்கத்திறனில் அதன் மின்தடை எகிறி, சுற்று அதிரத் தொடங்காமலே கிடக்கும். வழக்கமான திறனில் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது. திறனை மாற்றி மாற்றி அளக்கும் முறையை வகுத்து, மறைந்திருக்கும் இந்தக் குறையை அப்பகுதி வெளிக்கொணர்கிறது.

60679இல் இந்தச் சிக்கல்கள் உறைக்குள் போய்விடுகின்றன. சுமை கெப்பாசிட்டன்ஸ் உற்பத்தியாளரின் கவலை. சரியாகத் தொடங்குவதும் அவர் பொறுப்பு. வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு: மின்னழுத்தம் மாறினால் அதிர்வெண் எவ்வளவு நகரும், வெளிச்சுமை மாறினால் எவ்வளவு, கட்ட இரைச்சல் எவ்வளவு, வெப்ப அறைக்குள் படிகத்தை வைத்த வகையானால் நிலைபெற எவ்வளவு நேரம். பதிலுக்கு, உள்ளிருக்கும் படிகத்தின் குணங்கள் பெரும்பாலும் நம் பார்வைக்கு வருவதில்லை. விலையும் மின்செலவும் வழக்கமாகக் கூடும்.

ஆகவே இரண்டு டேட்டாஷீட்களிலும் ‘20 பிபிஎம்’ என்று இருந்தாலும் அவற்றை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. தனிப் படிகத்தில் அது பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸில் உள்ள விலகல் மட்டுமே. வெப்பநிலை மாற்றமும் மூப்பும் தனி வரிகளில் நிற்கும், நம் சுற்றின் பிழை எங்குமே இராது. ஆசிலேட்டரிலோ தொடக்க விலகல், வெப்பநிலை, மின்னழுத்தம், சுமை எல்லாம் ஒரே எண்ணில் அடங்கியிருப்பதுண்டு. சிலர் முதலாண்டு மூப்பையும் அதில் சேர்ப்பார்கள். விலையை மட்டும் பார்த்துப் படிகத்தைத் தேர்வு செய்பவர், போர்டின் கெப்பாசிட்டன்ஸை அளக்கும் வேலையையும் சேர்த்தே ஏற்கிறார். அந்த அளவீட்டுக்கு வழியில்லாத சிறிய கூடங்களுக்கு, கூடுதல் விலை கொடுத்தாவது ஆசிலேட்டரையே பரிந்துரைப்பேன்.