பாலாடை

தாயிடம் நேரடியாகப் பால் குடிக்க முடியாத சிசுவுக்குப் புகட்ட உதவும், நீண்ட மூக்குள்ள சிறு கிண்ணம். சங்கு என்றும் சொல்வார்கள். முன்பு கடற்சங்கிலேயே புகட்டியதுண்டு. பிறகு வெண்கலமும் வெள்ளியும் வந்தன, இப்போது பெரும்பாலும் எவர்சில்வர்.

பழைய வீடுகளில் இதில் பாலைவிட மற்றவையே முந்திக்கொண்டன. பிறந்ததும் சேனைத் தண்ணீர், பிறகு உரைமருந்து, விளக்கெண்ணெய், கழுதைப்பால். அதற்குள் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள். பிள்ளையைக் காலில் கிடத்தி, வீறிட்டு அழும் வாயில் எண்ணெயை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இவ்வாறு வந்த நுரையீரல் அழற்சியைப் பற்றி 1973-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. பழையது என்பதற்காக இந்தப் பழக்கத்தை மன்னிக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் காம்புப் புட்டி பரவியது. 1939-இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், டப்பாப் பாலை விளம்பரப்படுத்துவது குழந்தைகளைக் கொல்வதற்குச் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். உலக சுகாதார மன்றம் தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது 1981-இல். இந்தியா 1992-இல் சட்டமே இயற்றி, பால்பொடி, புட்டி விளம்பரங்களுக்குத் தடை விதித்தது.

புட்டியின் தீங்கு அதில் தங்கும் கிருமியோடு நிற்பதில்லை. மார்பில் குடிக்கும் சிசு நாவால் காம்பை மேலண்ணத்தோடு அழுத்துகிறது, கீழ்த்தாடையை ஓயாமல் அசைக்கிறது, மூக்கால் மூச்சு விடுகிறது. தாடை எலும்பும் அண்ணமும் வேகமாக வளரும் மாதங்கள் அவை. தாய்ப்பால் குறைவாகக் குடித்த பிள்ளைகளிடம் பல்வரிசைக் கோளாறு கூடுதல் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. குறுகிய அண்ணம், வாயால் மூச்சுவிடும் வழக்கம், உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவை பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. பாலாடை அந்த உழைப்பைத் தாடைக்குத் தராது. ஆனால் காம்புக்குப் பழக்கி மார்பை மறக்கச் செய்வதுமில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் பாலாடையில் புகட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். 1999-இல் வந்த இந்திய ஆய்வொன்றில் கிண்ணம், புட்டி இரண்டையும்விடப் பாலாடை குறைந்த நேரத்தில் கூடுதல் பால் புகட்டியது. ஆனால் 2007-இல் வந்த இங்கிலாந்து ஆய்வில் புட்டியைவிடப் பாலாடையில் பால் அதிகம் சிந்தியது. புகட்டும் கையின் பழக்கம் முக்கியம்: உதட்டோரம் மூக்கை வைத்து, சிறிது விட்டு, விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளில் இதன் பயன் பெரிது. உப்புப் பருவம் ஏறக்குறைய சனவரி முதல் செப்டம்பர் வரை. பாத்தியில் தினக்கூலி வேலைக்குப் போகும் தாய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைப்பது அரிது. பீய்ச்சி வைத்த தாய்ப்பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை தாங்கும். வீட்டில் பாட்டி அதைப் பாலாடையில் புகட்டலாம். நிலத்தடி நீர் உவர்ப்பேறிய ஊரில் பால்பொடி கரைத்துக் கொடுத்தால் சிசுவின் சிறுநீரகத்துக்கு உப்புச் சுமையும் சேரும்.

தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015-இல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. உப்பளத்து வரப்போரமும் அப்படி ஒரு நிழல் வேண்டும்.